வாரம் பெர்சி: ஆளில்லாமல் போன ஒரு யார்க்‌ஷயர் ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார்க் நகரத்துக்குக் குடிவந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் யார்க் பேராலயம், மறுநாள் வாரம் பெர்சி என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அங்கே புல் மூடிய மேடுகளும் கூரையில்லாத ஒரு தேவாலயமும்தான் இருக்கின்றன. ஆனால் வந்தவர்கள் காரில் திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார்கள், அதுவும் ஏறக்குறைய அதே கேள்விகளை. அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

வாரம் பெர்சின்னா என்ன? நம்ம ஊர் வாரக் குத்தகை மாதிரியா?

இல்லை, ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதும்போது அப்படி அமைந்துவிட்டது. கொப்பரை, அண்டா என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து 'வாரம்' வந்தது என்று இடப்பெயர் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மேலே நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் இந்த விளக்கம் சட்டென்று புரியும். செங்குத்தான பச்சைச் சரிவுகளுக்கு நடுவே நிலம் அண்டாவின் அடிபோலக் குழிந்து கிடக்கிறது.

பெர்சி என்பது இடைக்காலத்தில் இந்த ஊரை வைத்திருந்த பிரபுக் குடும்பத்தின் பெயர். சற்று வடக்கே வாரம் லெ ஸ்ட்ரீட் என்று இன்னொரு ஊர் இருக்கிறது. அந்த 'ஸ்ட்ரீட்' பழைய ரோமர் சாலையைக் குறிக்கிறது. அங்கே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

இது எங்க இருக்கு? யாருக்குச் சொந்தம்?

வட இங்கிலாந்தில், மால்ட்டன் என்ற சந்தை ஊருக்குத் தென்கிழக்கே, யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் என்ற மேட்டுநிலத்தில். சாக்பீஸ் போல வெளுத்த, மென்மையான சுண்ணாம்புப் பாறை அது. பெய்யும் மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடுவதால் மேட்டில் தண்ணீர் நிற்காது. பள்ளத்தாக்கில்தான் ஊற்று. அந்த ஊற்றும் அதிலிருந்து ஓடும் சின்ன ஓடையும் இல்லையென்றால் இங்கே ஊர் அமைந்தே இருக்காது.

அரசுப் பாதுகாப்பில் உள்ள தொல்லியல் இடம் இது. இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற அமைப்பு பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

போனா என்னதான் தெரியும்? வெறும் புல்லுதானே?

முதல் ஐந்து நிமிடம் வெறும் புல்தான் தெரியும். அவசரப்படாமல் மேட்டின் ஓரமாக நடந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் நீளமான வரப்புகள் இருக்கும். அவற்றுக்கு இடையில் செவ்வகமாகச் சமன் செய்த இடங்கள் தெரியும். அவை வீட்டு மனைகள். மனைக்குப் பின்னால் நீளமாகப் போவது கொல்லை. நூற்றாண்டுக் கணக்கில் காலும் வண்டிச் சக்கரமும் பட்டுத் தாழ்ந்துபோன தெருக்கள் வாய்க்கால் போலக் குழிந்து தெரியும். நம் கிராமக் கணக்கில் 'நத்தம்' என்று எழுதுவோமே, அப்படி ஓர் ஊர் நத்தம் முழுசாகப் புல்லின் அடியில் படுத்திருக்கிறது.

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போங்கள். ஒவ்வொரு வரப்புக்கும் நிழல் விழுந்து ஊரின் வரைபடம் தரையில் எழும். நடுப்பகலில் கூட்டிப்போன உறவினர்கள் ஏமாந்து திரும்பியதைப் பார்த்தபின் நான் நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஒன்று மட்டும் கவனம்: எல்லா மேடும் இடைக்காலத்தைச் சேர்ந்தது அல்ல. பள்ளத்தாக்கு வழியாகப் போகும் நீளமான தடம், 1853-இல் திறந்து 1958-இல் மூடிய மால்ட்டன்–ட்ரிஃபீல்டு ரயில் பாதை.

எப்ப உருவான ஊரு? எத்தனை பேரு இருந்திருப்பாங்க?

ஊர் உருவாவதற்கு வெகு முன்பே இங்கே ஆட்கள் இருந்தார்கள். இரும்புக் காலத்திலும் ரோமர் காலத்திலும் பண்ணைகள் இருந்தன. அதற்குப் பின் ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்த அடையாளம் கிடைத்திருக்கிறது. ஆனால் வரிசையாக மனை பிரித்து, நடுவில் பொதுவெளி விட்டு அமைத்த கிராமம் இடைக்காலத்தில் உருவானது. அந்த மனைகளின் ஒழுங்கைப் பார்த்தால், தானாக வளர்ந்த ஊர் இல்லை, யாரோ திட்டம் போட்டுப் பிரித்துக் கொடுத்தது என்பது புரியும். 1086-இல் இங்கிலாந்து மன்னர் வெற்றிவீரன் வில்லியம் எடுக்கவைத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் வாரம் இடம் பெறுகிறது.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உச்சம். சுமார் 40 வீடு, ஒரு தேவாலயம், பிரபுவின் மாளிகை, தண்ணீரால் ஓடும் மாவு ஆலை, மீன் குளம். இவ்வளவுதான். இதைப் பெரிய நகரம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு அந்தச் சின்ன அளவே வியப்பாக இருக்கும்.

வீடெல்லாம் எப்படி இருந்துச்சு? குடிசையா?

நீள வீடுகள். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர், மறு பக்கம் மாடு, நடுவில் குறுக்கு நடை. நடுக்கூடத்தில் தரையிலேயே அடுப்பு. புகைபோக்கி இல்லாததால் புகை கூரை வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்புப் பாறைத் துண்டு, மண், மரம். மேலே வேய்ந்த கூரை.

குடிசையா என்ற கேள்விக்குப் பதில் ஒருமுறை மாறியிருக்கிறது. சுவர்கள் அடிக்கடி புதுப்பிக்கப்பட்டிருந்ததைப் பார்த்த அகழாய்வாளர்கள், இவை ஒரு தலைமுறைகூடத் தாங்காத எளிய வீடுகள் என்று முதலில் நினைத்தார்கள். பிற்பாடு ஸ்டூவர்ட் ராத்மெல் என்ற தொல்லியலாளர் அதே சான்றுகளைத் திரும்பப் பார்த்தார். கூரையின் பாரத்தைத் தாங்கியது சுவர் இல்லை, வளைந்த பெரிய மரங்களை ஜோடி ஜோடியாக நட்டு அமைத்த சட்டம் என்று காட்டினார். சட்டம் அப்படியே நிற்கும். இடையில் உள்ள சுவரை மட்டும் தேவைப்படும்போது மாற்றுவார்கள். அப்படியானால் அவை தேர்ந்த தச்சர் கட்டிய, பல தலைமுறை நின்ற வீடுகள். ஏழைக் குடியானவன் என்றாலே ஒழுகும் குடிசைதான் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம், இல்லையா? இந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

வயித்துப்பாட்டுக்கு என்ன செஞ்சாங்க?

உழவுதான். ஊரைச் சுற்றி வேலியில்லாத பெரிய வயல்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவற்றில் இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை என்று நீள நீளமாகப் பங்கு. பார்லி, கோதுமை, ஓட்ஸ் போட்டார்கள். ஆடு மாடு வளர்த்தார்கள். பிரபுவின் நிலத்தில் வேலையும் செய்து, அவருக்கு வாடகையும் கொடுத்தார்கள். கடலோரம் ஒரு நாள் நடைத் தொலைவுதான். கொஞ்சம் கடல்மீன் சாப்பிட்டதற்கு எலும்புகளிலேயே சான்று இருக்கிறது.

பிளேக்குல எல்லாரும் செத்து ஊரே காலியாயிடுச்சாமே?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். பதில்: இல்லை. கறுப்புச் சாவு என்று சொல்லப்படும் பெரும் கொள்ளைநோய் 1349-இல் யார்க்‌ஷயரைத் தாக்கியது. வாரம் பெர்சியும் தப்பவில்லை. ஆனால் ஊர் அதோடு முடியவில்லை. 1368-இல் இங்கே ஏறக்குறைய 30 வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். 1458-இல் 16 வீடு. கடைசி வீடுகள் காலியானது 1500-ஐ ஒட்டி. நோய்க்கும் முடிவுக்கும் இடையில் 150 வருடம் இருக்கிறது.

சரிவும் நோயோடு தொடங்கவில்லை. 1315-லிருந்து சில வருடம் ஐரோப்பாவெங்கும் விடாத மழை, விளைச்சல் நாசம், பெரும்பஞ்சம். 1322-இல் ஸ்காட்லாந்துப் படைகள் யார்க்‌ஷயருக்குள் ஆழமாக இறங்கிச் சூறையாடின. அடுத்த வருடம் எடுத்த சொத்து விசாரணையில் வாரம் பெர்சியின் நிலத்தில் பெரும்பகுதி உழப்படாமல் கிடந்தது என்ற பதிவு இருக்கிறது. அப்புறம்தான் நோய்.

ஒரே நாளில் ஒரு ஊர் அழிந்தது என்ற கதை சொல்லவும் கேட்கவும் சுலபம். அதனால்தான் அது விடாமல் சுற்றிவருகிறது. உண்மையில் நடந்தது மெல்லத் தேய்ந்தது. ஒரு வீடு பூட்டியது, பத்து வருடம் கழித்து இன்னொன்று. கடைசி வரை இருந்தவர்கள் பக்கத்து மனையில் முட்செடியும் புல்லும் மண்டுவதைப் பார்த்துக்கொண்டே உழுதிருக்கிறார்கள். வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

30 வீடு எப்படி 16 ஆச்சு? அவங்களை யாராச்சும் விரட்டினாங்களா?

இங்கேதான் வரலாற்றாசிரியர்களுக்குள் நிறைய விவாதம். கொள்ளைநோய்க்குப் பிறகு நாடு முழுக்க வேலைக்கு ஆள் பஞ்சம். கூலி ஏறியது. கூலியைக் கட்டுப்படுத்த 1351-இல் சட்டமே போட்டுப் பார்த்தார்கள். நல்ல நிலங்கள் உழ ஆளில்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட காலத்தில் வறண்ட மேட்டுநிலத்தில் ஏன் கிடக்க வேண்டும்? பல குடும்பங்கள் நல்ல மண்ணையும் நல்ல கூலியையும் தேடித் தாமாகவே கிளம்பியிருக்கும். கைவிடப்பட்ட ஊர்களில் பெரும்பாலானவை இப்படி உள்ளிருந்தே மெலிந்தவை என்று கிறிஸ்டோபர் டயர் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். இந்த ஊரைப் பொறுத்தவரை 30-லிருந்து 16 ஆனதற்கு அந்த வாதம் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

அப்ப கடைசியா இருந்தவங்களை யாரு காலி பண்ணினது?

15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் பெர்சிகளிடமிருந்து ஹில்ட்டன் என்ற பிரபுக் குடும்பத்தின் கைக்குப் போனது. ஊரை முடித்துவைத்தது அவர்கள் காலத்தில். 1517-இல் நடந்த அரசு விசாரணைப் பதிவில், ஹில்ட்டன் பிரபு இங்கே நான்கு ஏரை நிறுத்தினார், நான்கு வீட்டைப் பாழாக விட்டார் என்று இருக்கிறது. ஏர் நின்றது என்றால் உழவு நின்றது, உழுதவர்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். நிலம் ஆட்டு மேய்ச்சலாக மாறியது.

ஆட்டுக்காகவா மனுசங்களை விரட்டுவாங்க? நம்பவே முடியலை.

கணக்கைப் பாருங்கள். தானிய விலை இறங்கியிருந்தது, கூலி ஏறியிருந்தது. கம்பளி நூலுக்கும் துணிக்கும் நல்ல விலை. ஒரு வயலை உழுது விதைத்து அறுக்கப் பல குடும்பம் வேண்டும். அதே இடத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டை மேய்க்க ஒரு ஆளும் ஒரு நாயும் போதும். ஆள் நிறைந்த ஊராக இருந்தால் எந்தப் பிரபுவும் யோசித்திருப்பார். 40 குடும்பத்தைக் கிளப்புவது லேசில்லை. நான்கு குடும்பம் மிச்சமிருக்கும் ஊரில் அது சுலபம். முந்தைய 150 வருடத் தேய்மானம்தான் கடைசி அடியைச் சாத்தியமாக்கியது.

அதற்காகப் பிரபுவை விட்டுவிட வேண்டியதில்லை. பாட்டன் முப்பாட்டன் காலத்து மனையை விட்டு நான்கு வீட்டார் எழுந்துபோனார்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது.

அரசாங்கம் தடுக்கலையா?

முயன்றது. ஆள் போனால் வரி போகும், படைக்கு ஆள் கிடைக்காது என்ற கவலை அரசுக்கு இருந்தது. ஊர்களை இடித்து மேய்ச்சலாக்குவதற்கு எதிராக 1489-இல் ஏழாம் ஹென்றி காலத்தில் சட்டம் வந்தது. 1517-இல் மன்னரின் தலைமை அமைச்சரான கார்டினல் வுல்சி நாடளவில் விசாரணை வைத்தார். மேலே சொன்ன நான்கு ஏர் கணக்கு அந்த விசாரணையில் வந்ததுதான். ஆனால் இவை பெரும்பாலும் நடந்து முடிந்ததை எழுதிவைக்க மட்டுமே உதவின. வாரம் பெர்சி திரும்பவும் ஊராகவில்லை.

ஊரே இல்லாத இடத்துல தேவாலயம் மட்டும் எப்படி 1949 வரைக்கும் நடந்துச்சு?

புனித மார்ட்டின் தேவாலயம் இந்த ஓர் ஊருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. திக்ஸன்டேல், பர்டேல், ரெய்ஸ்த்தார்ப், டௌத்தார்ப் ஆகிய சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் இதுவே பங்குக் கோவில். ஞாயிறு வழிபாடு, திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றுக்கும் அந்த ஊர்க்காரர்கள் மேடு பள்ளம் ஏறி இறங்கி இங்கே வந்தாக வேண்டும். திக்ஸன்டேலுக்கு 1870-இல்தான் சொந்தத் தேவாலயம் கட்டினார்கள். அதன்பின் இங்கே கூட்டம் குறைந்துகொண்டே போய், 1949-இல் வழிபாடு நின்றது.

கட்டடத்தைச் சுற்றி வந்தால் ஊரின் ஏற்ற இறக்கம் முழுவதையும் சுவரிலேயே படிக்கலாம். 10-ஆம் நூற்றாண்டில் சின்ன மரக் கோவில். அப்புறம் கல்லில் சிறியதாக. ஆள் பெருகப் பெருக 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இரு பக்கமும் நடைக்கூடங்கள் சேர்த்து அகலமாக்கினார்கள். ஆள் குறைந்தபோது அந்தக் கூடங்களை இடித்துவிட்டு, இடையில் இருந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்த வளைவுகள் சுவரில் இன்றும் தெரிகின்றன.

கோபுரம் ஏன் பாதியா நிக்குது? போர்ல குண்டு விழுந்துச்சா?

போருக்கும் அதற்கும் தொடர்பில்லை. வழிபாடு நின்றபின் கூரையின் ஈயத் தகடுகளைத் திருடிவிட்டார்கள். மழை உள்ளே இறங்கியது. 1959-இல் கோபுரத்தின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. விழுந்த நிலையிலேயே பலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். குறுக்கே வெட்டிக் காட்டியது போலக் கோபுரத்தின் உட்பக்கத்தைப் பார்க்கலாம்.

கைவிட்ட ஊருங்கறீங்க, அங்க ஒரு வீடு நல்லா நிக்குதே?

நல்ல கேள்வி. இது நிறையப் பேர் கண்ணில் படுவதில்லை. கிராமம் போனபின்னும் இடம் முழுக்க ஆளில்லாமல் ஆகவில்லை. பாதிரியார் வீடு ஒன்று இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தேவாலயத்துக்கு அருகே ஒரு பண்ணையும் எழுந்தது. பிறகு அதை இடித்துவிட்டுப் பண்ணை மேட்டுக்கு மாறியது. இப்போது நிற்பது 19-ஆம் நூற்றாண்டுப் பண்ணையாள் வீடு. ஆக, ஊர் சுருங்கி ஓரிரு குடும்பம் வாழும் குடியிருப்பாகி, அதுவும் பிறகுதான் முழுசாக ஓய்ந்தது. அகழாய்வுக் காலத்தில் அந்த வீடே ஆய்வாளர்களின் கூடாரம், சமையலறை, அலுவலகம் எல்லாம்.

இங்கிலாந்துல எத்தனையோ இடம் இருக்க, இதை மட்டும் ஏன் தோண்டினாங்க?

1940-களில் இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஊர்கள் மிக அரிது என்றே வரலாற்று அறிஞர்கள் நம்பினார்கள். மாரிஸ் பெரஸ்ஃபர்ட் அதை நம்பவில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு கற்பித்தவர். பழைய வரிக் கணக்கில் ஊர்ப்பெயர் இருக்கும், இன்றைய வரைபடத்தில் அந்த ஊர் இருக்காது. அப்படிப்பட்ட பெயர்களைப் பிடித்துக்கொண்டு வயல் வயலாக நடந்தார். 1948-இல் வாரம் பெர்சிக்கு வந்தார். 1950-இல் தோண்ட ஆரம்பித்தார். ஏட்டில் படித்த ஊர் மண்ணில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். இருந்தது.

அவர் தொல்லியல் படித்தவர் இல்லை. சுவர் தெரிந்தால் சுவரைத் தொடர்ந்து தோண்டிக்கொண்டே போவார். 1952-இல் ஜான் ஹர்ஸ்ட் என்ற இளம் தொல்லியலாளர் சேர்ந்தபிறகு ஆய்வின் போக்கே மாறியது. ஏட்டுக் கணக்கை நன்கு படித்தவர் ஒருவர், மண்ணின் அடுக்குகளை நன்கு அறிந்தவர் ஒருவர். இந்த இருவர் கூட்டுதான் இந்த ஊரின் பாக்கியம்.

ஒரு புல்வெளியை நாப்பது வருசமா தோண்டுறது? அப்படி என்ன இருக்கு அதுல?

1950 முதல் 1990 வரை, பெரும்பாலும் ஒவ்வொரு ஜூலையிலும் மூன்று வாரம். மாணவர்கள், ஆசிரியர்கள், ஆர்வலர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் வந்து கூலி வாங்காமல் உழைத்தார்கள். பொன்னும் வாளும் அவர்கள் தேடவில்லை. பானை ஓடு, ஆணி, எலும்பு, கரிந்த தானியம், சுவர் இருந்த இடத்தில் மண்ணின் நிற வேறுபாடு – இவைதான் தேடியவை.

டென்மார்க்கில் ஆக்ஸல் ஸ்டீன்ஸ்பெர்க் கையாண்ட முறையை ஹர்ஸ்ட் இங்கே கொண்டுவந்தார். சின்னச் சின்னக் குழிகளாக வெட்டாமல், ஒரு மனை முழுவதையும் ஒரே பரப்பாகத் திறந்து, தோல் உரிப்பது போல ஒவ்வோர் அடுக்காக எடுப்பது. மரமும் மண்ணும் கொண்டு கட்டிய வீட்டின் தடம் இப்படிச் செய்தால்தான் தெரியும். பிரிட்டனின் தொல்லியலில் இன்று இது சாதாரண நடைமுறை. அது வேரூன்றிய இடங்களில் முக்கியமானது இந்த மேடு. முடிவுகள் 13 தொகுதிகளாக வெளிவந்தன. கடைசித் தொகுதி 2012-இல். ஒரு ஏழை ஊருக்கு இவ்வளவு காலமும் கவனமும் கொடுத்தார்களே என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கல்லறையைக் கூடவா தோண்டினாங்க? அதுல என்ன தெரிஞ்சுது?

ஆமாம். தேவாலயத்திலும் அதைச் சுற்றியும் கிட்டத்தட்ட 700 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பெரும்பாலும் 10-ஆம் நூற்றாண்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த சாதாரணக் குடியானவர்கள். அரசர்களைப் பற்றி எழுதிவைக்க ஆட்கள் இருந்தார்கள். இவர்களைப் பற்றிப் பேச இவர்களின் எலும்புதான் இருக்கிறது. சைமன் மேஸ் என்ற எலும்பியல் ஆய்வாளர் பல வருடம் இவற்றை ஆராய்ந்தார்.

பிள்ளைகளின் வளர்ச்சி நெஞ்சை உறுத்துகிறது. அன்றைய 14 வயதுப் பிள்ளை இன்றைய 10 வயதுப் பிள்ளையின் உயரத்தை ஒட்டித்தான் இருந்தது. எலும்பில் உள்ள நைட்ரஜன் வகைகளை அளந்து, தாய்மார் ஒன்றரை வயது வரை பால் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு மறக்காத ஒருவர் உண்டு: 11-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த, 40 வயது மதிக்கத்தக்க குடியானவர். தலையில் பலமான அடி. உடைந்த எலும்பை அழுத்தம் போக்க யாரோ அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். எலும்பு ஆறி வளர்ந்திருக்கிறது. அவர் பிழைத்துவிட்டார். இந்தச் சின்ன ஊருக்கு அப்படிக் கை தேர்ந்த ஒருவர் வந்து போயிருக்கிறார்.

பிணத்தை எரிச்சு வெட்டினாங்கன்னு செய்தியில பாத்தேன். பேய்க்குப் பயந்தா?

அந்தச் செய்தி 2017-இல் வந்தது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு. கல்லறையில் இல்லாமல், வீடுகள் இருந்த பகுதியில் ஒரு குழியில் கிடைத்த 137 எலும்புத் துண்டுகள். குறைந்தது பத்துப் பேருடையவை. 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை. ஆண், பெண், குழந்தை எல்லாரும் அதில் உண்டு. இறந்தபின் கத்தியால் வெட்டிய தடமும் எரித்த தடமும் இருந்தன.

பஞ்சத்தில் மனித மாமிசம் தின்றார்களோ என்றும் பார்த்தார்கள். அதற்கானால் சதை பற்றிய மூட்டுகளில் வெட்டு இருக்க வேண்டும். இங்கே வெட்டுகள் தலை, கழுத்துப் பக்கம் கூடியிருக்கின்றன. வெளியூராரை இப்படிச் செய்தார்களோ என்று பல்லில் உள்ள தாதுவை அளந்து பார்த்தார்கள். இவர்கள் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆகவே செத்தவர் எழுந்துவந்து நோய் பரப்புவார் என்ற பயமே சான்றுக்குச் சிறப்பாகப் பொருந்துகிறது என்றார்கள். யார்க்‌ஷயர்த் துறவி நியூபர்கின் வில்லியம் 12-ஆம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட சம்பவங்களை எழுதிவைத்திருக்கிறார். ஆய்வாளர்கள் சொன்னது 'பொருந்துகிறது' என்பது வரைதான். 'பேய் ஊர்' என்பது தலைப்புச் செய்தி போட்டவர்கள் சேர்த்தது. பத்துப் பேருக்கு நடந்ததை வைத்து மற்ற 700 பேரை மறந்துவிட வேண்டாம்.

இந்த மாதிரி எத்தனை ஊர் இருக்கு? எல்லாமே ஆட்டுக்காகப் போனதா?

இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 3,000 கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அரிது என்று நினைத்த காலம் போய்விட்டது. காரணங்கள் பலவிதம். டார்செட்டில் மில்டன் அபாஸ் என்ற ஊரை, தன் மாளிகைப் பார்வைக்கு இடைஞ்சல் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு அப்படியே வேறு இடத்துக்கு மாற்றினார். மார்டேல் 1930-களில் ஹாஸ்வாட்டர் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியது. இம்பரையும் டைன்ஹமையும் 1943-இல் ராணுவப் பயிற்சிக்காகக் காலிசெய்தார்கள். மக்கள் திரும்பிவரவே இல்லை.

அப்ப வாரம் லெ ஸ்ட்ரீட் மட்டும் எப்படிப் பிழைச்சுது? மண் ஒண்ணுதானே, நோயும் ஒண்ணுதானே?

இதைக் கேட்டவர் எங்கள் சித்தப்பா, ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். சரியான இடத்தில் கைவைத்தார். பஞ்சம், படையெடுப்பு, நோய், கம்பளி விலை எல்லாம் இரண்டு ஊருக்கும் பொது. அவை மட்டும் காரணமென்றால் இரண்டும் போயிருக்க வேண்டும். பொதுவாக இல்லாதது நிலவுடைமை. ஒரே பிரபுவின் கையில் ஊர் முழுக்க இருந்தால் ஒரு முடிவில் எல்லாம் மாறிவிடும். பல கைகளில் பிரிந்து கிடந்தால் அது நடக்காது. கைவிடப்பட்ட ஊர்களைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்திருப்பது இது. சாலையில் இருப்பதும் ஓர் ஊருக்குத் தெம்புதான்.

ஒரு சின்ன ஓட்டுத் துண்டு எடுத்துட்டு வரலாமா? பசங்களுக்குக் காட்ட.

வேண்டாம். சட்டப் பாதுகாப்பு உள்ள இடம். அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதே 1979-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். ஓடு எந்த அடுக்கில், எந்த மனையில் கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு. பையில் போட்டால் அது வெறும் ஓடு. படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

எப்படிப் போறது? அம்மாவால நடக்க முடியுமா?

யார்க்கிலிருந்து காரில் சுமார் முக்கால் மணி நேரம். வாரம் லெ ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கே சாலையோரம் இலவச வண்டி நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நடை. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். தரை சமமாக இருக்காது, மழை பெய்தால் வழுக்கும். கடையோ கழிப்பறையோ கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு. மாடுகள் அவிழ்த்துவிட்டு மேயும். அவற்றைச் சுற்றிப் போங்கள், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் திரும்பி ஏறுவதுதான் சிரமம். என் அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். நேரம் குறைவென்றால் மேட்டு மனைகளை விட்டுவிட்டு நேராகத் தேவாலயத்துக்கு இறங்கி, அடைத்த வளைவுகளைப் பார்த்துவிட்டு, பின்னால் உள்ள குளக்கரைக்குப் போங்கள். ஆலைக்குத் தண்ணீர் தேக்கிய அணை இருந்த இடம் அது. குளத்தைத் திரும்ப நிரப்பி வைத்திருக்கிறார்கள். கரையில் உட்கார இடம் உண்டு, ஊற்றுத் தண்ணீர் இன்னும் ஓடிவந்துகொண்டிருக்கிறது.